புல்வெளிகள் என்று பெயர் கொண்ட ஊர்

கிளம்புவதற்கு முந்தைய இரவு மாமனார் போன் செய்தார். பல்லடம் பக்கம் அவருக்கு நான்கு ஏக்கர் தென்னந்தோப்பு. ஓடிக்கொண்டிருந்த கடைசி போரிலும் தண்ணீர் நின்றுவிட்டது. நீரோட்டம் பார்க்கிறவரைக் கூட்டி வந்து காட்டியிருக்கிறார். தென்மேற்கு மூலையில், உள்ளங்கையில் படுக்க வைத்த தேங்காய் எழுந்து நின்றிருக்கிறது. ஆயிரம் அடிக்குள் கட்டாயம் தண்ணீர் என்று அந்த மனிதர் சத்தியம் செய்யாத குறை. போர் வண்டி, கேசிங் பைப், மோட்டார், ஒயர் எல்லாம் சேர்த்து ஐந்து லட்சம் கிட்ட ஆகும். "உங்களால முடிஞ்சா பாருங்க மாப்ள, இல்லைன்னாலும் பரவால்லீங்க" என்றார். அந்தத் தோட்டத்தில் இது ஒன்பதாவது போர்.

யோசித்துச் சொல்கிறோம் என்று போனை வைத்துவிட்டு, மறுநாள் காலை லாஸ் வேகஸுக்குக் கிளம்பினோம். எட்டாவது திருமண நாள். ஹோட்டலுக்கு மூன்று மாதம் முன்பே பணம் கட்டியாகிவிட்டது. லாஸ் ஏஞ்சலஸிலிருந்து மொஹாவி பாலைவனத்தின் நடுவே நான்கு மணி நேரம் கார் ஓட்ட வேண்டும். வழியில் இருபுறமும் கரடும் மணலும், முள் முளைத்த ஜோஷுவா மரங்களும்தான். மனைவி அதிகம் பேசவில்லை. பாதி வழியில், "இங்கெல்லாம் எத்தனை அடில தண்ணி இருக்கும்?" என்று மட்டும் கேட்டாள்.

*

கேசினோவுக்குள் கடிகாரம் கிடையாது, ஜன்னல் கிடையாது என்று எல்லோரும் எழுதிவிட்டார்கள். எனக்கு முதலில் பட்டது சத்தம்தான். நூற்றுக்கணக்கான ஸ்லாட் மெஷின்கள் ஒரே நேரத்தில் ஜெயித்த இசையை வாசிக்கின்றன. தோற்றதற்கு எந்த மெஷினும் சத்தம் போடுவதில்லை. காதால் மட்டும் கேட்டால் அந்த அறையில் எல்லோரும் ஜெயித்துக்கொண்டிருக்கிறார்கள்.

நான் மென்பொருள் எழுதுகிறவன். காலேஜில் படித்த நிகழ்தகவு கொஞ்சம் ஞாபகத்தில் இருக்கிறது. ரூலெட் மேஜை அருகே நின்று மனைவிக்கு வகுப்பு எடுத்தேன். அமெரிக்க ரூலெட் சக்கரத்தில் 38 குழிகள். 1 முதல் 36 வரை சிவப்பும் கறுப்பும், அதோடு பச்சை நிறத்தில் 0, 00. ஒரு எண்ணின் மேல் பணம் வைத்து அது விழுந்தால் 35 மடங்கு தருவார்கள். ஜெயிக்க ஒரு வழி, தோற்க 37 வழி. ஆக நியாயமாக 37 மடங்கு தர வேண்டும். தராமல் பிடித்துக்கொள்ளும் அந்த இரண்டு மடங்கில்தான் இந்தக் கட்டடம் நிற்கிறது. சதவிகிதக் கணக்கில் 5.26. யாரும் யாரையும் ஏமாற்ற வேண்டியதில்லை. ஒரு ராத்திரியில் ஒருவர் ஜெயிக்கலாம். லட்சம் தடவை சக்கரம் சுற்றினால் கேசினோவுக்குக் கிட்டத்தட்ட அந்த 5.26 வந்து சேர்ந்துவிடும். இங்கே சூதாடாத ஒரே ஆள் கேசினோ முதலாளிதான்.

இந்தக் கணக்கை உடைக்கவும் ஆட்கள் வந்திருக்கிறார்கள். தகவல் கோட்பாட்டின் தந்தை என்று நாங்கள் பாடத்தில் படித்த கிளாட் ஷானனும், எட்வர்ட் தார்ப் என்ற இளம் கணித ஆசிரியரும் சேர்ந்து ரூலெட் பந்து எங்கே விழும் என்று கணிக்க ஒரு சின்னக் கணினி செய்தார்கள். சிகரெட் பெட்டி அளவு. உடம்பில் மறைத்து வைத்துக்கொண்டு, பந்து சுற்றும் வேகத்தை ஷூவுக்குள் கால் விரலால் பொத்தானை அழுத்திச் சொல்ல வேண்டும். பதில் காதில் இசைக் குறிப்பாகக் கேட்கும். மனிதன் உடம்பில் அணிந்த முதல் கணினி அதுதான் என்பார்கள். 1961 கோடையில் இருவரும் தத்தம் மனைவியோடு லாஸ் வேகஸுக்கு வந்தார்கள். பார்க்கிறவர்களுக்கு விடுமுறைக்கு வந்த இரண்டு தம்பதிகள். கருவி வேலை செய்தது. ஆனால் காதுக்குப் போகும் மெல்லிய ஒயர் அடிக்கடி அறுந்துபோனதால் பெரிய பந்தயம் கட்ட முடியவில்லை. 1985இல் நெவாடா மாநிலம் இந்த மாதிரிக் கருவிகளுக்குத் தடைச் சட்டமே போட்டுவிட்டது.

இதையெல்லாம் சொல்லிக்கொண்டே நானும் அறுபது டாலரை வைத்துத் தோற்றேன். இருபது நிமிடம் கூட ஆகவில்லை. கடைசிப் பத்து டாலரை வைக்கும்போது, "இவ்வளவு போயாச்சு, இதையும் பாத்துடலாம்" என்று என் வாயிலிருந்து வந்தது.

மனைவி சிரிக்கவில்லை. "எங்கப்பாவும் இப்படித்தாங்க. வெறும் புழுதியாப் பறக்கும். எழுநூறு அடில நிறுத்திக்கலாமான்னு வண்டிக்காரங்க கேப்பாங்க. இவ்வளவு போட்டாச்சு, இன்னொரு நூறு போடுப்பான்னுவாரு. அம்மா அடுப்படிய விட்டு வெளிய வரமாட்டாங்க."

அடிக்கு இவ்வளவு என்று காசு. ஆழம் போகப் போக அடிக்குரிய விலையும் ஏறும். தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் வண்டிக்காரருக்குக் கூலி உண்டு. அங்கேயும் கேசினோ முதலாளி சூதாடுவதில்லை என்று எனக்குத் தோன்றியது. அதைச் சொல்லவில்லை.

*

மறுநாள் காலை நகரத்துக்குள்ளேயே இருக்கும் ஸ்பிரிங்ஸ் ப்ரிசர்வ் என்ற இடத்துக்குப் போனோம். 180 ஏக்கர் புதர்க்காடும் அருங்காட்சியகமும். கேசினோ வீதியிலிருந்து வருகிறவர்கள் குறைவு போல. பள்ளிக் குழந்தைகள்தான் அதிகம் இருந்தார்கள். இந்த ஊர் ஏன் இங்கே இருக்கிறது என்பதற்கான பதில் அங்கேதான் கிடைத்தது.

லாஸ் வேகஸ் என்றால் ஸ்பானிய மொழியில் புல்வெளிகள். பாலைவனத்தின் நடுவே இங்கே ஊற்றுகள் பொங்கின. அவற்றைச் சுற்றிப் புல் வளர்ந்தது. தெற்கு பாயூட் பழங்குடிகள் தலைமுறை தலைமுறையாக அந்த நீரை நம்பி வாழ்ந்தார்கள். 1829இல் நியூ மெக்சிகோவிலிருந்து கலிபோர்னியாவுக்கு வழி தேடிய வணிகக் கூட்டம் ஒன்று இந்தப் பக்கம் வந்தது. 1844இல் ஜான் ஃப்ரீமாண்ட் என்ற ராணுவ அதிகாரி இங்கே முகாமிட்டுத் தன் அறிக்கையில் ஊற்றைப் பற்றி எழுதினார். 1855இல் மார்மன் மதத்தினர் வந்து கோட்டை கட்டி, இரண்டே வருடத்தில் விட்டுப் போனார்கள். பிறகு அது மாட்டுப் பண்ணையானது. கணவர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு பண்ணையைத் தனியாக நடத்திய ஹெலன் ஸ்டூவர்ட் என்ற பெண்மணி, 1902இல் அதை 55,000 டாலருக்கு வில்லியம் கிளார்க்கின் ரயில் கம்பெனிக்கு விற்றார். கிளார்க் மொண்டானா மாநிலத்துச் செனட்டர், தாமிரச் சுரங்க முதலாளி. நீராவி எஞ்சினுக்குத் தண்ணீர் வேண்டும். லாஸ் ஏஞ்சலஸுக்கும் சால்ட் லேக் நகரத்துக்கும் நடுவே தண்ணீர் இருந்த இடம் இது. 1905 மே 15, 16 தேதிகளில், ரயில் பாதை ஓரத்தில் மனைகளை ஏலம் விட்டார்கள். ஊர் அப்படிப் பிறந்தது.

பாயூட்களுக்கு என்ன ஆனது? 1911இல் அதே ஹெலன் ஸ்டூவர்ட்டிடம் 500 டாலருக்குப் பத்து ஏக்கர் வாங்கி அரசாங்கம் அவர்களுக்கு ஒதுக்கியது. பள்ளத்தாக்கு முழுக்க நடந்து திரிந்தவர்களுக்குப் பத்து ஏக்கர்.

ஊர்க்காரர்கள் சீக்கிரமே கிணறு தோண்டத் தொடங்கினார்கள். நிலத்தடி நீர் அழுத்தத்தில் இருந்ததால் துளை போட்டாலே போதும், மோட்டார் இல்லாமல் தண்ணீர் தானாகப் பொங்கியது. மூடாமல் விட்ட கிணறுகளில் அது இரவும் பகலும் வீணாக ஓடியது. கிணறுகள் பெருகின, ஹோட்டல்கள் வந்தன, நீச்சல் குளங்களும் கோல்ஃப் மைதானங்களும் வந்தன. 1962இல் ஊற்று நின்றுபோனது. நீரை உறிஞ்சிய பிறகு நிலமே சில இடங்களில் ஐந்தடிக்கும் மேல் தாழ்ந்துவிட்டது. ஊருக்குப் பெயர் கொடுத்த புல்வெளி இப்போது அருங்காட்சியகப் படத்தில் இருக்கிறது.

வறண்ட ஊற்றுக்குழியின் முன்னால் மனைவி ரொம்ப நேரம் நின்றாள். "எங்க ஊர்ல திறந்த கிணறு இருந்துச்சு. நாப்பது அடி. நான் அதுலதான் நீச்சல் பழகினேன். இப்ப அதுல குப்பை கொட்டுறாங்க" என்றாள்.

*

மதியம் ஹூவர் அணைக்குக் கிளம்பினோம். தென்கிழக்கே முக்கால் மணி நேரம். நிலத்தடி நீர் தீர்ந்த நகரம் இன்று எதைக் குடிக்கிறது என்றால், பெரும்பகுதி அந்த அணைக்குப் பின்னால் தேங்கும் கொலராடோ நதியைத்தான்.

போகும் வழியில் போல்டர் சிட்டி. அணை கட்டும் தொழிலாளர்களுக்காக மத்திய அரசு அமைத்த ஊர். நெவாடா மாநிலம் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கியது 1931 மார்ச் 19. அணை வேலை தொடங்கியதும் அதே வருடம். பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலை இழந்தவர்கள் நாடு முழுவதிலிருந்தும் குடும்பத்தோடு வந்து ஆற்றங்கரையில் கூடாரம் போட்டுக் காத்துக் கிடந்தார்கள். தொழிலாளி சம்பளத்தைச் சூதில் விடக்கூடாது என்று அரசு தன் ஊருக்குள் சூதாட்டத்தை அனுமதிக்கவில்லை. போல்டர் சிட்டியில் இன்றைக்கும் அதற்கு அனுமதி கிடையாது. சம்பள நாளில் ஆட்கள் லாஸ் வேகஸுக்குப் போனார்கள். பிற்பாடு வந்த கொள்ளைக்கூட்டத் தலைவர்களின் கதைதான் சினிமாவில் வருகிறது. பக்ஸி சீகலின் ஃபிளமிங்கோ ஹோட்டல் 1946 டிசம்பரில்தான் திறந்தது. அதற்குப் பதினைந்து வருடம் முன்பே இந்த ஊர் சூதாட்டத்துக்குக் கடை விரித்தாயிற்று. அணைக்கூலிதான் அதன் முதல் வியாபாரம்.

அந்தக் கூலி எப்படிப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். 1931 கோடையில் ஒரே மாதத்தில் பதினாறு பேர் வெப்பத்தில் சுருண்டு செத்தார்கள். அதிகாரபூர்வக் கணக்குப்படி அணை வேலையில் இறந்தவர்கள் 96 பேர். கறுப்பினத்தவரை ஆரம்பத்தில் வேலைக்கே எடுக்கவில்லை. ஆயிரக்கணக்கானோர் வேலை செய்த இடத்தில் பிறகு ஒரு சிலரைச் சேர்த்தபோதும் போல்டர் சிட்டியில் குடியிருக்க விடவில்லை. ஜே. ஜி. டியர்னி என்பவர் அணைக்கான இடம் தேடும் ஆய்வின்போது 1922 டிசம்பர் 20 அன்று ஆற்றில் மூழ்கி இறந்தார். சரியாகப் பதிமூன்று வருடம் கழித்து, 1935 டிசம்பர் 20 அன்று, அவர் மகன் பேட்ரிக் அணையின் கோபுரத்திலிருந்து விழுந்து இறந்தார். இதை யாராவது கதையில் எழுதியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

அணையின் மேல் முப்பதடி உயரத்தில் இரண்டு வெண்கலச் சிலைகள், இறக்கையைச் செங்குத்தாக உயர்த்தியபடி இருக்கின்றன. அவற்றின் கால் விரலைத் தடவினால் அதிர்ஷ்டம் என்று நம்பிக்கை. தடவித் தடவி விரல்கள் மட்டும் பொன்னாக மின்னுகின்றன. மனைவியும் தடவினாள். யாருக்காக என்று நான் கேட்கவில்லை.

*

அணைக்குப் பின்னால் மீட் ஏரி. நிரம்பினால் கிட்டத்தட்டப் பன்னிரண்டு மேட்டூர் கொள்ளும். நாங்கள் பார்த்தபோது செம்பாறைக் கரை முழுக்க வெள்ளைப் பட்டை. முன்பு தண்ணீர் நின்ற உயரம் வரைக்கும் உப்பு படிந்து, குளிக்கும் தொட்டியில் அழுக்குக் கோடு நிற்பது போலத் தெரிந்தது. 2022 ஜூலையில் ஏரி, 1937இல் முதன்முதலாக நிரம்பிக்கொண்டிருந்த காலத்துக்குப் பிறகு காணாத அளவு தாழ்ந்தது. அந்த வருடம் மே மாதம், இறங்கிய கரையில் ஒரு இரும்பு பீப்பாய் வெளியே தெரிந்தது. உள்ளே துப்பாக்கியால் சுடப்பட்ட ஒருவரின் எலும்புக்கூடு. ஷூவையும் உடையையும் வைத்து, 1970களின் நடுவிலோ 80களின் தொடக்கத்திலோ நடந்த கொலை என்றார்கள். போட்டவன் அந்த ஏரி வற்றும் என்று நினைத்திருக்க மாட்டான்.

அப்படி நினைக்காதவன் அவன் மட்டுமல்ல. 1922 நவம்பரில் சாண்டா ஃபே நகரத்தில் ஏழு மாநிலங்களின் பிரதிநிதிகள் உட்கார்ந்து கொலராடோ நதியைப் பங்கு போட்டார்கள். அப்போது வணிகத்துறை அமைச்சராக இருந்த ஹெர்பர்ட் ஹூவர்தான் தலைமை. மேல்படுகை மாநிலங்களுக்கு ஆண்டுக்கு 75 லட்சம் ஏக்கர்-அடி, கீழ்ப்படுகைக்கு 75 லட்சம். ஒரு ஏக்கர் நிலத்தில் ஓரடி உயரம் நிற்கும் தண்ணீர் ஒரு ஏக்கர்-அடி. சுமார் 12 லட்சம் லிட்டர். 1944இல் மெக்சிகோவுக்கு இன்னொரு 15 லட்சம் என்று ஒப்பந்தமானது. மொத்தத்தையும் கூட்டினால் நதியில் வழக்கமாக வருவதைவிட அதிகம். அவர்கள் கையில் இருந்த நீரளவுக் கணக்கு, வழக்கத்தைவிட மழை கூடிய வருடங்களுடையது. இவ்வளவு தண்ணீர் ஆற்றில் இல்லை என்று நிலவியல் ஆய்வுத்துறையின் நீரியல் நிபுணர் லா ரூ 1920களிலேயே எச்சரித்தார். யாரும் கேட்கவில்லை. நதிக்கரைப் பழங்குடிகளுக்கு அந்த மேஜையில் நாற்காலியே இல்லை.

நம் பக்கத்திலும் கிட்டத்தட்ட அதே காலம்தான். மெட்ராஸ் மாகாணமும் மைசூரும் காவிரி ஒப்பந்தம் போட்டது 1924. மேட்டூர் அணை முடிந்தது 1934. நதியை எண்ணில் அடக்கிவிடலாம் என்று உலகமே நம்பிய காலம் போலிருக்கிறது.

கீழ்ப்படுகையின் 75 லட்சத்தில் கலிபோர்னியாவுக்கு 44 லட்சம், அரிசோனாவுக்கு 28 லட்சம், நெவாடாவுக்கு 3 லட்சம். நம் கணக்கில் 13 டிஎம்சி. அன்றைக்கு லாஸ் வேகஸ் சில ஆயிரம் பேர் வசித்த ரயில்வே ஊர். பெரிய விவசாயமும் இல்லை. கேட்க ஆளில்லை, கொடுத்ததை வாங்கிக்கொண்டார்கள். இப்போது இந்தப் பள்ளத்தாக்கில் இருபது லட்சத்துக்கும் மேல் மக்கள். பங்கு அதே 3 லட்சம்தான்.

இதற்குப் பிறகு நான் எதிர்பார்த்தது ஒரு பேராசைக் கதை. ஆனால் அப்படி இல்லை. இந்த நகரத்தில் வீட்டுக்குள்ளும் ஹோட்டலுக்குள்ளும் சாக்கடையில் இறங்கும் தண்ணீர் கிட்டத்தட்ட முழுவதும் சுத்திகரிக்கப்படுகிறது. பெரும்பகுதி திரும்ப ஏரிக்கே போகிறது. எவ்வளவு திருப்பிக் கொடுக்கிறார்களோ அவ்வளவு மறுபடி எடுத்துக்கொள்ளலாம். குளியலறையில் கொட்டுவது வீணில்லை. வெளியே புல்லுக்கு ஊற்றுவதுதான் ஆவியாகித் திரும்பாமல் போவது. ஆகவே வீட்டுப் புல்லைப் பெயர்த்தெடுப்பவர்களுக்குக் காசு கொடுக்கிறார்கள். சாலை நடுவிலும் அலுவலக வாசலிலும் அழகுக்காக வைத்திருக்கும் புல்லுக்கு 2027 முதல் ஆற்று நீர் கூடாது என்று 2021இல் சட்டம் வந்தது. இருபது வருடத்தில் ஜனத்தொகை லட்சக்கணக்கில் கூடியும், ஆற்றிலிருந்து அவர்கள் எடுக்கும் நிகர நீர் குறைந்திருக்கிறது. புல்வெளிகள் என்று பெயர் வைத்துக்கொண்ட ஊர், புல்லைப் பெயர்த்துப் பிழைக்கிறது.

கூடவே இன்னொன்றும் செய்தார்கள். ஏரி எவ்வளவு தாழ்ந்தாலும் எடுக்கும்படி அடியிலிருந்து மூன்றாவது குழாய் ஒன்றைக் குடைந்து 2015இல் முடித்தார்கள். இதைச் சொன்னதும் மனைவி, "அப்ப இவங்களும் ஆழமாத்தான போயிருக்காங்க?" என்றாள்.

*

திரும்பும் வழியில் பணத்தைப் பற்றிப் பேசினோம். நான் என் கணக்கைச் சொன்னேன். எட்டில் ஐந்து போர் முதல் நாளே பொய்த்தவை; மீதி மூன்றும் சில வருடங்களில் வற்றியவை. ஒன்பதாவதற்குக் கிடைக்கும் வாய்ப்பு இதைவிட நல்லதாக இருக்க ஒரு காரணமும் இல்லை. போட்ட பணத்தை நினைத்து மேலே போடுவதுதான் சூதாடியின் பிழை. நேற்று நானே செய்தேன்.

"நீங்க அறுபது டாலரோட எந்திரிச்சு வந்தீங்க. ரூம்ல போய்த் தூங்கினீங்க. அப்பா எங்க எந்திரிச்சுப் போறது? போர் போடலைன்னா காசு மிச்சமாயிடுமா? இருநூத்தம்பது மரம். இருபத்தஞ்சு வருசம். கோடை தாண்டாதுங்க."

பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச தூரம் பிடித்தது. ரூலெட்டில் விளையாடாமல் இருந்தால் கையில் இருப்பது அப்படியே இருக்கும். என் கணக்கு முழுக்க அந்த ஒரு வரியின் மேல்தான் நிற்கிறது. தோப்பில் அந்த வரி கிடையாது. சும்மா உட்கார்ந்திருந்தாலும் தினமும் தோற்றுக்கொண்டே இருக்கும் மேஜை அது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் 1,200 அடி போட்ட பிறகுதான் இவருடைய எட்டாவது போர் நின்றது. இவர் போட்டால் அவருடையது நிற்கலாம். ஒரே தண்ணீரை ஊரே சேர்ந்து பந்தயம் கட்டுகிறது. தனியாக ஒருவர் மட்டும் எழுந்தால் அவர் மரம்தான் காயும். லாஸ் வேகஸும் ஆற்றை விட்டு எழுந்து போக முடியாது. ஆனால் அங்கே எடுப்பதை அளக்கிறார்கள், திருப்பிக் கொடுத்ததை எழுதி வைக்கிறார்கள். நம் தோட்டங்களுக்கு அடியில் இருப்பதை யாரும் அளப்பதில்லை. தேங்காய்தான் எழுந்து நிற்கிறது.

கடைசியில், போர் வேண்டாம், இந்தக் கோடைக்கு லாரித் தண்ணீர் ஊற்றி மரத்தைக் காப்பாற்றப் பணம் தருகிறோம் என்று சொல்வதாக முடிவு செய்தோம். நல்ல முடிவா என்று தெரியவில்லை. அந்த லாரித் தண்ணீரும் யாரோ ஒருவருடைய போரிலிருந்துதான் வரும்.

இரவு ஒன்பதரைக்கு பெல்லாஜியோ ஹோட்டல் முன்னால் நின்றோம். எட்டு ஏக்கருக்கும் மேல் ஏரி. பாட்டுக்கு ஏற்றபடி நீர்த்தாரைகள் வளைந்து வளைந்து எழும்புகின்றன. ஊரில் ஞாயிறு காலை பத்து மணி. மனைவி வீடியோ காலில் அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். முடிவைச் சொல்லத்தான் கூப்பிட்டாள். அவர் திண்ணையில் உட்கார்ந்து போனைக் கண்ணுக்கு அருகே வைத்துப் பார்த்தார். இசை உச்சத்துக்குப் போய்த் தண்ணீர் ஒரே வீச்சாக மேலே எழுந்தபோது கூட்டம் கத்தியது. அது அடங்கும்வரை காத்திருந்துவிட்டுக் கேட்டார்.

"மாப்ள, இது ஆத்துத் தண்ணிங்களா, போர்த் தண்ணிங்களா?"

காலையில்தான் படித்திருந்தேன். இந்த ஏரிக்கு ஆற்று நீர் இல்லை. முன்பு இதே இடத்தில் இருந்த ட்யூன்ஸ் என்ற ஹோட்டலின் கோல்ஃப் மைதானத்துக்குப் போட்ட பழைய கிணற்றிலிருந்துதான் வருகிறது.

"போர்த் தண்ணிதானுங்க மாமா" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. மனைவி என்னைப் பார்த்தாள். சொல்ல வந்ததை அன்று நாங்கள் இருவருமே சொல்லவில்லை.

"அப்படிங்களா! எத்தனை அடிங்க?" என்றார்.